ஈரோஸ்: உறங்கும் வெண்கலக் குழந்தையும் சுழலும் விண்பாறையும்

நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில், கிரேக்க ரோமானியப் பிரிவில், வெண்கலத்தாலான ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் நீளம் சுமார் 85 சென்டிமீட்டர். விரித்த துணியின்மேல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வலது கை நெஞ்சின் குறுக்கே தளர்ந்து விழுந்திருக்கிறது. கால்கள் ஒழுங்கின்றிப் பரந்து கிடக்கின்றன. ஓடியாடிக் களைத்த குழந்தை எந்த நிலையில் உறங்கிப்போகுமோ, அந்த நிலை மாறாமல் அப்படியே வடிக்கப்பட்டிருக்கிறது. வயிற்றின் மென்மையையும் தொடைகளின் கொழுமையையும் பார்க்கும்போது இது உலோகம் என்பது மறந்துவிடுகிறது. தோளின் பின்னாலிருந்து விரியும் இறகுகளைக் கண்ட பிறகுதான் இது மனிதக் குழந்தையன்று, ஒரு தெய்வம் என்பது நினைவுக்கு வருகிறது. கிரேக்கர்கள் காதலுக்கு உரிய தெய்வமாக வணங்கிய ஈரோஸ்தான் இப்படி உறங்குகிறான்.

அதே பெயரில் வானத்திலும் ஒன்று இருக்கிறது. சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் 433 என்ற எண்ணைக் கொண்டது ஈரோஸ். சுமார் 34 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் கொண்ட, நடுவில் சற்று வளைந்த, பள்ளங்கள் நிறைந்த ஒரு பாறை அது. மென்மையே உருவான ஒரு சிற்பத்துக்கும் காற்றும் நீரும் இல்லாத ஒரு கல்லுக்கும் பெயரைத் தவிர வேறென்ன உறவு இருக்க முடியும் என்று தோன்றலாம். இரண்டின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெளிவாகத் தெரிகிறது: எட்டாத தொலைவில் இருந்த ஒன்று மனிதருக்கு அருகே வந்த கதைதான் இரண்டுமே. அந்த நெருக்கம் கலையில் எதை மாற்றியது, வானியலில் எதை அளக்க உதவியது என்பதை, இவ்விரு துறைகளுக்கும் புதியவர்களான வாசகர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லாக இருந்த தெய்வம்

ஈரோஸ் என்றதும் இறகு முளைத்த கொழுகொழுப்பான ஒரு சிறுவனை நினைப்பது இன்றைய வழக்கம். ஆனால் கிரேக்கர்களுக்கு அவன் தொடக்கத்தில் அப்படித் தோன்றவில்லை. ஹெசியோட் என்னும் பழங்கவிஞர் தெய்வங்களின் பிறப்பைப் பாடும்போது, முதலில் வெறுவெளி, அடுத்து பூமி, அதன் ஆழத்தில் இருண்ட பாதாளம், அவற்றோடு ஈரோஸ் என்று வரிசைப்படுத்துகிறார். இந்த வரிசையில் ஈரோஸுக்குத் தாயோ தந்தையோ சொல்லப்படவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து உலகம் பெருகுவதற்குக் காரணமான ஆற்றலாக, தெய்வங்களின் உடலையும் மனிதர்களின் உடலையும் ஒருபோலத் தளர்த்திவிடுபவனாக அவன் காட்டப்படுகிறான். அஃப்ரோடைட்டி என்னும் அழகுத் தெய்வத்தின் மகனாக அவனைச் சொல்லும் வழக்கம் பின்னால் பரவியது.

பழைய கிரேக்கப் பாடல்களில் வரும் ஈரோஸ் அஞ்சத்தக்கவன். லெஸ்போஸ் தீவின் பெண் கவிஞர் சாஃபோ, இனிப்பும் கசப்பும் ஒன்றாய்க் கலந்த, எதிர்த்து நிற்க முடியாத ஓர் உயிர் என்று அவனைப் பாடினார். அனக்ரியோன் என்னும் கவிஞரின் பாடலில், அவன் ஒரு கொல்லனைப் போலப் பெரிய சம்மட்டியால் காதலனை அடித்து, பிறகு குளிர்கால ஓடையில் தோய்த்தெடுக்கிறான். உலைக்களத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்ன பாடு படுமோ, அந்தப் பாட்டைக் காதல்வயப்பட்டவன் படுகிறான் என்பது பொருள். கொஞ்சத் தோன்றும் குழந்தைக்கு இந்தப் பாடல்களில் இடமே இல்லை.

கிரேக்கத்தின் பியோஷியா பகுதியில் தெஸ்பியாய் என்னும் ஊர் இருந்தது. தெய்வங்கள் அனைத்திலும் ஈரோஸையே மிகுதியாகப் போற்றிய ஊர் அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் பயணம் செய்து கோயில்களையும் சிலைகளையும் பற்றி எழுதிவைத்த பாசேனியஸ், அங்கே ஈரோஸின் மிகப் பழைய வடிவம் உளி படாத ஒரு வெறுங்கல் என்று குறிப்பிடுகிறார். முகமோ இறகோ வில்லோ இல்லாத அந்தக் கல்லைத்தான் அவ்வூரார் காதல் தெய்வமாக வணங்கினார்கள். நடுகல்லையும் உருவமற்ற கல்லையும் வணங்கும் மரபை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. ஆனாலும் பிற்காலத்தில் வானில் கண்டுபிடிக்கப்பட்ட ஈரோஸும் உளி படாத கல்தான் என்பதை எண்ணும்போது, பாசேனியஸின் அந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு மன்மதன் நினைவுக்கு வருவது இயல்பு. இருவரிடமும் வில்லும் அம்பும் உண்டு; இருவரின் தொழிலும் ஒன்று. ஆனால் இருவரின் கதைகளும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்து உடலை இழந்து, அநங்கன் என்று பெயர் பெற்றவன் மன்மதன். ஈரோஸோ உருவமற்ற ஆற்றலாகவும் வெறுங்கல்லாகவும் தொடங்கி, சிற்பிகளின் கையில் படிப்படியாக உடல் பெற்றவன்.

அந்த உடல் எப்படி உருவானது என்பதற்கும் தெஸ்பியாய் ஊரே சாட்சி. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பெருஞ்சிற்பி பிராக்சிடெலிஸ் பளிங்கில் ஓர் ஈரோஸைச் செதுக்கினார். அது அவ்வூருக்கு வந்த விதத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ஃபிரைனி என்னும் அழகி, தம் படைப்புகளில் எது சிறந்ததோ அதைத் தரும்படி பிராக்சிடெலிஸைக் கேட்டாள். தருவதாக ஒப்புக்கொண்ட அவர், எது சிறந்தது என்று மட்டும் சொல்ல மறுத்தார். ஒருநாள் அவளுடைய பணியாள் ஓடிவந்து, சிற்பக்கூடம் தீப்பற்றிவிட்டதென்றும் பெரும்பாலான படைப்புகள் அழிந்துவிட்டன என்றும் சொன்னான். அதைக் கேட்ட சிற்பி, தாம் செதுக்கிய சாட்டிர் என்னும் காட்டுத் தேவனின் சிலையும் ஈரோஸும் எரிந்துவிட்டால் தம் உழைப்பெல்லாம் வீண் என்று கதறினார். தீ ஏதும் இல்லை, அது தன் சூழ்ச்சிதான் என்று வெளிப்படுத்திய ஃபிரைனி, ஈரோஸைத் தேர்ந்தெடுத்துத் தெஸ்பியாய் கோயிலுக்குக் காணிக்கையாக்கினாள். பிற்காலத்தில் ரோமப் பேரரசர் காலிகுலா அச்சிலையை ரோமுக்கு எடுத்துச் சென்றார், கிளாடியஸ் திருப்பியனுப்பினார், நீரோ மீண்டும் பறித்துக்கொண்டார், இறுதியில் ரோமிலேயே அது தீக்கு இரையாயிற்று. பொய்யாகச் சொல்லப்பட்ட தீ, சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு உண்மையாகவே வந்துவிட்டது.

பிராக்சிடெலிஸ் காலத்து ஈரோஸ் இளைஞனாகும் பருவத்தில் இருப்பவன். அடுத்த நூற்றாண்டுகளில்தான் அவன் வயது குறைந்து குழந்தையாகிறான்.

வெண்கலத்தில் உறங்கும் குழந்தை

மாவீரன் அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்ததற்குப் பின் வந்த ஏறத்தாழ 300 ஆண்டுகளை ஹெலனிய காலம் என்பார்கள். அதற்கு முந்தைய சிற்பிகள் குறையற்ற உடலையே தேடினார்கள். அவர்கள் செதுக்கிய குழந்தைகள்கூடச் சிறிய அளவிலான பெரியவர்களைப் போலவே இருந்தன. ஹெலனிய காலச் சிற்பிகளின் கண் வேறு. சுருக்கம் விழுந்த முதுமை, குடித்துத் தள்ளாடும் கிழவி, குத்துச்சண்டையில் காயம்பட்ட முகம், வாத்தோடு மல்லுக்கட்டும் சிறுவன் என்று உயிருள்ள உடல் உண்மையில் எப்படி இருக்குமோ அப்படியே காட்ட முற்பட்டார்கள். குழந்தையின் உடல் விகிதம் பெரியவரின் உடல் விகிதத்திலிருந்து வேறுபட்டது என்பதையும் தூக்கத்தில் தசைகள் தளரும் விதத்தையும் அவர்கள் உற்றுக் கவனித்திருக்கிறார்கள். மெட்ரோபாலிட்டனில் உள்ள உறங்கும் ஈரோஸ் இந்தக் கவனிப்பின் உச்சம். ரோட்ஸ் தீவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் இச்சிலையை அருங்காட்சியகம் 1943இல் வாங்கியது. கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அது மதிப்பிடப்பட்டிருக்கிறது. இப்போது அது கிடத்தப்பட்டிருக்கும் பீடம் புதிதாகச் செய்யப்பட்டது. பழைய பீடம் பெரும்பாலும் கல்லாக இருந்திருக்கும்.

இது வெண்கலம் என்பதே இதன் அருமைக்கு ஒரு காரணம். பழங்காலக் கிரேக்கத்தில் புகழ்பெற்ற சிலைகளில் பெரும்பங்கு வெண்கலத்தில் ஆனவை. ஆனால் வெண்கலத்தை உருக்கினால் மீண்டும் உலோகம் கிடைக்கும். அதனால் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் சிலைகள் உலைக்குப் போயின. இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. மெழுகில் உருவம் செய்து, அதைக் களிமண்ணால் மூடிச் சூடாக்கி, மெழுகு வடிந்தோடிய இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் முறையில் அவை வார்க்கப்பட்டன. நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் இதே மெழுகு முறைதான். ஆனால் அவை உள்ளே கெட்டியாக இருப்பவை, கிரேக்கப் பெருஞ்சிலைகள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. தனித்தனிப் பகுதிகளாக வார்த்து இணைக்கவும், மெழுகு நிலையிலேயே இறகின் ஒவ்வோர் இழையையும் கூந்தலின் ஒவ்வொரு சுருளையும் நுணுக்கமாகக் கீறவும் இம்முறை இடம் தந்தது. பளிங்கில் செய்த உறங்கும் ஈரோஸ்கள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றில் இந்த அளவு உயிர்ப்பைக் காண்பது அரிது.

உறங்கும் ஈரோஸை அழகான குழந்தைப் பொம்மையாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. சம்மட்டி எடுத்து அடித்தவனை, தெய்வங்களையே தளரச் செய்தவனை, இந்தச் சிற்பி ஆயுதமில்லாமல் படுக்க வைத்திருக்கிறார். பிறர் உடலைத் தளர்த்துபவனின் உடலே தளர்ந்து கிடக்கிறது. அவன் கண் மூடியிருப்பதனால்தான் நாம் அச்சமின்றி அருகே குனிந்து பார்க்க முடிகிறது. அவன் விழித்தால் என்ன ஆகும் என்ற எண்ணமும் அப்போது கூடவே எழுகிறது. தொலைவிலிருந்து அஞ்சி வணங்க வேண்டிய ஒன்றைத் தொடும் தூரத்துக்குக் கொண்டுவந்ததுதான் ஹெலனியக் கலை செய்த பெரிய மாற்றம்.

ரோமானியர்கள் இந்த வடிவத்தை மிகவும் விரும்பி, தோட்டங்களிலும் நீரூற்றுகளின் ஓரத்திலும் வைத்தார்கள். உறக்கமும் இறப்பும் உடன்பிறந்தவை என்று கிரேக்கர்கள் கருதியதால், கல்லறைகளிலும் உறங்கும் ஈரோஸ் இடம்பெற்றான். இளமையில் மைக்கலாஞ்சலோவும் ஓர் உறங்கும் காதல் தெய்வத்தைப் பளிங்கில் செதுக்கினார். அது மண்ணிலிருந்து எடுத்த பழஞ்சிலை போலத் தோற்றம் மாற்றப்பட்டு, ரோமில் கர்தினால் ரியாரியோவுக்கு விற்கப்பட்டது. உண்மை தெரிந்ததும் கர்தினால் சிலையைத் திருப்பிவிட்டார். ஆனால் அதைச் செய்த இளைஞரின் திறமையை ரோம் அறிந்துகொண்டது. மைக்கலாஞ்சலோ 1496இல் முதன்முறையாக ரோமுக்குச் சென்றது இதையொட்டியே. அந்தச் சிலை இன்று இல்லை.

பாதை மாறிய சிறுகோள்

இனி வானத்துக்கு வருவோம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் பாறைகளாலும் உலோகத்தாலுமான இலட்சக்கணக்கான சிறு உடல்கள் சூரியனைச் சுற்றிவருகின்றன. அவற்றையே சிறுகோள்கள் என்கிறோம். முதலாவதான சீரிஸ் 1801இல் கண்டறியப்பட்டது. பாதை உறுதியாகத் தெரிந்த சிறுகோளுக்கு வரிசை எண் தருவது வழக்கம். 433 என்பது அப்படிக் கிடைத்த எண்தான். 19ஆம் நூற்றாண்டில் அவற்றுக்குப் பெரும்பாலும் பெண் தெய்வங்கள், தேவதைகள், கதைமாந்தர்களான பெண்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன.

1898 ஆகஸ்ட் 13 இரவில், பெர்லினின் யுரேனியா வானாய்வகத்தில் குஸ்டாவ் விட் வேறொரு சிறுகோளின் இடத்தைக் குறிப்பதற்காக இரண்டு மணி நேரம் ஒளிப்படத் தகட்டைத் திறந்துவைத்தார். தொலைநோக்கி விண்மீன்களின் நகர்வைப் பின்தொடர்வதால், விண்மீன்கள் புள்ளிகளாகவும் அவற்றினூடே நகரும் சிறுகோள் ஒரு கோடாகவும் தகட்டில் பதியும். அன்று எதிர்பாராத ஒரு கோடு, வழக்கத்துக்கு மீறிய நீளத்தில் பதிந்திருந்தது. கோடு நீளமென்றால் பொருள் வேகமாக நகர்ந்திருக்கிறது. வேகமாக நகர்வதாகத் தெரிந்தால் அது நமக்கு அருகில் இருக்க வாய்ப்பு மிகுதி. அதே இரவில் பிரான்சின் நீஸ் நகரில் ஓகுஸ்ட் ஷார்லுவாவும் அதைத் தனியே படம்பிடித்திருந்தார்.

பாதையைக் கணக்கிட்டபோது வானியலாளர்கள் வியந்தார்கள். இந்தச் சிறுகோள் செவ்வாயின் பாதையைக் கடந்து உள்ளே வந்து, பூமியின் பாதைக்கு அருகில்வரை வந்துபோகிறது. அதற்கு முன் தெரிந்திருந்த எந்தச் சிறுகோளும் இப்படி வந்ததில்லை. பூமியை அண்மிக்கும் சிறுகோள்கள் என்று இன்று நாம் சொல்லும் வகையில் முதலில் அறியப்பட்டது இதுதான். வழக்கத்தை மீறிய பாதைக்கு வழக்கத்தை மீறிய பெயர் வேண்டும் என்று கருதி, முதன்முறையாக ஓர் ஆண் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார்கள்: ஈரோஸ். பிற்காலத்தில், இதைப் போலவே பூமியின் பாதையை வெட்டாமல் வெளிப்புறமாக நெருங்கிவரும் சிறுகோள்களின் குடும்பத்துக்கு, 1932இல் கண்டுபிடிக்கப்பட்ட அமோர் என்னும் சிறுகோளின் பெயர் வந்தது. அமோர் என்பது ஈரோஸுக்கு இலத்தீனில் வழங்கும் பெயர்களுள் ஒன்று. ஆக, ஈரோஸ் தன்னுடைய இன்னொரு பெயரைக் கொண்ட குடும்பத்திலேயே உறுப்பினன். சூரியனுக்கு மிக அருகில் வரும்போதும் அது பூமியின் பாதைக்கு வெளியேதான் இருக்கிறது என்பதால் இப்போது நமக்கு ஆபத்து ஏதுமில்லை.

ஒரு பாறை சூரியனின் தொலைவைச் சொன்ன விதம்

ஈரோஸ் அருகே வருவதில் வானியலாளர்களுக்கு ஏன் அவ்வளவு மகிழ்ச்சி? இதைப் புரிந்துகொள்ள, அன்றைய வானியலின் பெருங்குறை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் காலத்துக்கும் சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவுக்கும் உள்ள தொடர்பை 17ஆம் நூற்றாண்டிலேயே கெப்ளர் கண்டுபிடித்துவிட்டார். காலத்தை ஆண்டுகளில் எடுத்து, அதை அதனாலேயே ஒருமுறை பெருக்கினால், பூமியின் தொலைவை 1 என்று வைத்து அளந்த அந்தக் கோளின் தொலைவின் மும்மடிப் பெருக்கம் கிடைக்கும். ஈரோஸ் ஒருமுறை சுற்ற 643 நாள், அதாவது 1.76 ஆண்டு ஆகிறது. 1.76ஐ 1.76ஆல் பெருக்கினால் சுமார் 3.1. எந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் 3.1 வரும்? 1.458. எனவே ஈரோஸ் சூரியனிலிருந்து பூமியைவிடச் சராசரியாக 1.458 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆனால் பூமியின் தொலைவே எத்தனை கிலோமீட்டர் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. ஊர்கள் எல்லாம் சரியான விகிதத்தில் வரையப்பட்டு, ஓர் அங்குலம் எத்தனை மைல் என்பதை மட்டும் எழுத மறந்த வரைபடத்தைப் போலவே சூரியக் குடும்பம் இருந்தது. அந்த வரைபடத்தில் ஏதாவது ஒரு தொலைவை நேரடியாக அளந்துவிட்டால் போதும். மற்ற எல்லாம் தாமாகவே கிடைத்துவிடும்.

அதை அளக்கும் வழிக்கு இடமாறு தோற்றம் என்று பெயர். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். பின்னாலுள்ள சுவரின் முன் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் அந்த மாற்றம் பெரிதாகும். இரண்டு கண்களுக்கு மாற்றாகப் பூமியின் இரு மூலைகளிலுள்ள இரண்டு தொலைநோக்கிகளையும், சுவருக்கு மாற்றாகத் தொலைதூர விண்மீன்களையும் வைத்துக்கொண்டால், விரல் இருக்கும் இடத்தில் ஒரு சிறுகோளை வைக்கலாம். இரு இடங்களிலிருந்து காணும் கோண வேறுபாடும் அவ்விடங்களுக்கு இடையிலான தூரமும் தெரிந்தால், பள்ளியில் படித்த முக்கோணக் கணக்கின் மூலம் சிறுகோளின் தொலைவு கிடைத்துவிடும்.

சூரியனையே இப்படி அளக்கலாமே என்றால், அதன் ஒளியில் பக்கத்தில் ஒரு விண்மீனும் தெரியாது. அதன் கோண மாற்றமும் மிகச் சிறியது. வெள்ளி சூரியனுக்கு முன்னால் கடந்துபோன 1761, 1769, 1874, 1882 ஆகிய ஆண்டுகளில் பல நாடுகள் கடல்கடந்து குழுக்களை அனுப்பி அளக்க முயன்றன. ஆனால் வெள்ளியின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் கணம் மங்கலாகவே தெரிந்ததால் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. செவ்வாயும் ஒரு வட்டாகத் தெரிவதால் அதன் நடுப்புள்ளியைத் துல்லியமாகக் குறிப்பது கடினம். விண்மீனைப் போல ஒரு புள்ளியாகவே தெரியும் சிறுகோள்தான் இதற்குச் சிறந்தது என்பதை உணர்ந்து, ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் கில், 1888-89இல் ஐரிஸ், விக்டோரியா, சாஃபோ என்னும் மூன்று சிறுகோள்களைக் கொண்டு அளந்து நல்ல முடிவைப் பெற்றார்.

இவற்றுள் சாஃபோ என்னும் சிறுகோளை 1864இல் கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன். அவர் அதைக் கண்டது சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து. ஈரோஸை இனிப்பும் கசப்புமாகப் பாடிய கவிஞரின் பெயரைத் தாங்கிய சிறுகோள் சென்னை வானில் கண்டெடுக்கப்பட்டு, சூரியனின் தொலைவை அளக்கும் பணியில் ஈரோஸுக்கு முன்னோடியாக நின்றது என்பது, இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் மகிழச் செய்த செய்தி.

சாஃபோவைவிடப் பல மடங்கு நெருங்கி வருவது ஈரோஸ். 1900ஆம் ஆண்டின் இறுதியில் அது சுமார் 4.7 கோடி கிலோமீட்டர் அருகில் வந்தபோது, பல நாட்டு வானாய்வகங்கள் ஒன்றுகூடிப் படமெடுத்தன. கேம்பிரிட்ஜின் ஆர்தர் ஹிங்க்ஸ் அப்படங்களைக் கணக்கிடுவதில் பல ஆண்டுகள் செலவிட்டார். அடுத்து 1931 ஜனவரி 30 அன்று அது சுமார் 2.6 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு வந்தது. அப்போது ஹரோல்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ் தலைமையில் உலகெங்கும் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களை அளந்து, கூட்டிக் கழித்து, முடிவை வெளியிடுவதற்கு 1941 ஆயிற்று. கணிப்பொறி இல்லாத காலத்தில், ஒரு எண்ணுக்காகப் பத்தாண்டுகள் உழைத்த அந்தப் பொறுமையை நினைத்தால் மதிப்பு பெருகுகிறது. சூரியனின் தொலைவாக அவருக்குக் கிடைத்த எண்ணைக் கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 14 கோடியே 96 இலட்சத்து 70 ஆயிரம். 1961இல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அலைகளை அனுப்பித் திருப்பிப் பெற்றபோது தெரியவந்த சரியான அளவு 14 கோடியே 96 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு பூமியின் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்குதான். ஒளிப்படத் தகட்டில் பதிந்த ஒரு புள்ளியின் அசைவிலிருந்து இந்த அளவு நெருங்க முடிந்ததற்கு, ஈரோஸ் நம்மை நெருங்கி வந்ததே காரணம்.

தொட்டுப் பார்த்த நாள்

ஈரோஸ் வட்டமான உருவம் கொண்டதன்று என்பது படமெடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. 1901இல் ஓப்போல்சர் என்னும் ஆஸ்திரிய வானியலாளர் அதன் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். நீளமான ஒரு பொருள் சுழலும்போது, அகலப்பக்கம் நம்மை நோக்கினால் ஒளி மிகும். முனை நோக்கினால் குறையும். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 5 மணி 16 நிமிடம் ஆகிறது என்பது இந்த ஒளிமாற்றத்திலிருந்தே கணக்கிடப்பட்டது.

நாசாவின் நியர் விண்கலம் 1996 பிப்ரவரியில் ஈரோஸை நோக்கிப் புறப்பட்டது. 1998 டிசம்பரில் அதன் முக்கிய எஞ்சின் பாதியில் நின்று, கலம் தடுமாறி, ஒரு நாளுக்கு மேல் தொடர்பையே இழந்தது. திட்டம் அத்துடன் முடிந்தது என்று பலர் நினைத்த வேளையில் தொடர்பு மீண்டது. ஆனால் கலத்தால் அப்போது ஈரோஸைக் கடந்து செல்லத்தான் முடிந்தது. சூரியனை இன்னொரு சுற்றுச் சுற்றித் திரும்பிவந்து, 2000 பிப்ரவரி 14 அன்று அது ஈரோஸின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. காதலர் நாளில் காதல் தெய்வத்தின் பெயர் கொண்ட பாறையை அடைந்த அந்தக் கலம்தான், ஒரு சிறுகோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம்.

சுற்றியபடி அது ஓராண்டு காலம் எடுத்த சுமார் 1,60,000 படங்களில் ஈரோஸ் முழுவதுமாக வெளிப்பட்டது. ஒரு பக்கம் சேணம்போல் வளைந்த பெரும்பள்ளம். மறுபக்கம் 5 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள வட்டப்பள்ளம். எங்கும் சிதறிய பாறைகள். சில பள்ளங்களின் அடியில் நீர் தேங்கியதுபோல் மட்டமாகப் படிந்த நுண்தூசி. அதன் அடர்த்தி நீரைப்போல் 2.67 மடங்கு. உள்ளே பிளவுகள் இருந்தாலும் அது தளர்வாகக் குவிந்த கற்குவியலன்று, பெரும்பாலும் ஒரே பாறை என்பதை அந்த அளவு காட்டுகிறது. சூரியக் குடும்பம் உருவான காலத்திலிருந்து முழுவதுமாக உருகிப் பிரியாத கற்பொருளால் ஆனது அது. ஈர்ப்பு மிகக் குறைவு; இங்கே 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே சில பத்துக் கிராம் எடையே இருப்பார்.

பள்ளங்களுக்குப் பெயரிடும்போது பன்னாட்டு வானியல் ஒன்றியம் காதல் கதைகளை நாடியது. வட்டப்பள்ளத்துக்கு ஈரோஸின் மனைவி சைக்கியின் பெயர். சேணப்பள்ளத்துக்கு ஈரோஸோடு இணைபிரியாத வேட்கைத் தெய்வம் ஹிமெரோஸின் பெயர். ஆர்ஃபியஸும் யூரிடிசியும் உண்டு. லைலாவும் மஜ்னுவும் உண்டு. ஷாஜகானும் மும்தாஜும் ஜகான், மகால் என்னும் இரு பள்ளங்களாக இருக்கிறார்கள். முகடுகளுக்கும் நிலப்பரப்புகளுக்கும் ஈரோஸை ஆராய்ந்தவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஹிங்க்ஸும், விட்டும், ஷார்லுவாவும் அப்படி இடம்பெற்றார்கள். வானில் சைக்கி என்ற பெயரில் தனிச் சிறுகோளும் உண்டு. 2023 அக்டோபரில் புறப்பட்ட ஒரு விண்கலம் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

எரிபொருள் தீரும் நிலையில், தரையிறங்குவதற்கான கால்கள்கூட இல்லாத நியர் கலத்தை மெல்ல ஈரோஸின்மேல் இறக்கிப் பார்க்க முடிவு செய்தார்கள். 2001 பிப்ரவரி 12 அன்று, மனிதர் வேகமாக நடக்கும் வேகத்தில், ஹிமெரோஸ் பள்ளத்துக்கு அருகில் அது தரையைத் தொட்டது. இறங்கும்போதே படமெடுத்துக்கொண்டிருந்த அது, கடைசிப் படத்தைச் சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தது. சில மீட்டர் அகலமுள்ள தரையும் அதில் கிடக்கும் கற்களும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. படத்தின் கீழ்ப்பகுதி மட்டும் வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கிறது. அந்தப் பகுதியை அனுப்பிக்கொண்டிருந்த கணத்தில்தான் கலம் கல்லில் வந்தமர்ந்து, பூமியை நோக்கியிருந்த அதன் அலைவாங்கி திசை மாறியது. அடுத்த பதினாறு நாள்களும் அது தரையில் கிடந்தபடியே பாறையின் வேதியியலைப் பற்றிய தகவல்களை அனுப்பியது. பிப்ரவரி 28க்குப் பின் அதனிடமிருந்து சொல் ஏதுமில்லை. உளி படாத அந்தக் கல்லின்மேல், 5 மணி 16 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலும் இருளுமாக, அது இப்போதும் கிடக்கிறது.